பத்து நிமிஷத்தில் தவறிய வண்டி

ரயிலில் வண்டி மாறி ஏறுவது சம்பந்தி வீட்டுச் சாப்பாடு போன்ற சமாசாரம். எல்லாம் சரியாக நடந்தால் யாரும் பேசமாட்டார்கள்; ஒன்று தவறினால் ஆயுசுக்கும் பேச்சுத்தான்.

ஐரோப்பாவில் ரயிலைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக் கொள்வார்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அந்த ஜெர்மனியிலேயே 2024-ல் நெடுந்தூர ரயில்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் நேரம் தவறியிருக்கிறது. ஆகவே நம் ஊர் வண்டியை நான் குறை சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சென்ற ஆடி மாதம் தென்காசியிலிருந்து பெரியம்மாவின் மகன் போன் செய்தார். பெரியம்மாவுக்குத் திருவனந்தபுரத்தில் இருதய ஆபரேஷன். மறுநாள் மாலை 4 மணிக்குக் காரில் புறப்படுகிறார்களாம். அம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் புடவைகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

இதிலென்ன ஆச்சரியம் என்பீர்கள். அக்காவும் தங்கையும் பேசிக் கொண்டு 35 வருஷத்துக்கு மேல் ஆகிறது! தாத்தா வீட்டைப் பாகம் பிரித்தபோது வந்த சண்டை. வெளியில் சொல்வது வீட்டுச் சண்டை. உண்மையில் அது ஒரு பித்தளை அண்டாவைப் பற்றிய சண்டை. அதன்பின் கல்யாண வீடுகளில்கூட ஆளுக்கொரு மூலையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

குற்றால சீசனில் நேர் வண்டியில் இடம் கிடைக்குமா? ஒரு ஜங்ஷனில் இறங்கி, 40 நிமிஷத்தில் அடுத்த வண்டி ஏறுவதாக டிக்கெட் வாங்கினேன். முதல் வண்டி 50 நிமிஷம் தாமதம். நாங்கள் இறங்கியபோது பிளாட்பாரத்தில் ஒரு நாய் மட்டும் நின்று கொண்டிருந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் எங்கள் வண்டி போயிற்றாம். அடுத்தது மத்தியானம். பஸ்ஸில் போகலாமே என்று தோன்றும். பஸ் என்ற பேச்சைக் கேட்டாலே அம்மாவுக்குத் தலைசுற்றும்.

வெயிட்டிங் ரூமில் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே அம்மா பேச ஆரம்பித்தாள். தாத்தா புனலூரில் மரக்கடை வைத்திருந்தாராம். லீவு முடிந்தால் சகோதரிகள் இருவரும் மீட்டர் கேஜ் ரயிலில் தென்காசிக்குத் திரும்புவார்கள். 1904-ல் போட்ட மலைப்பாதை அது. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம். ஆரியங்காவு தாண்டினால் மலையைக் குடைந்த சுரங்கம்.

"சுரங்கம் வந்தா எனக்கு உசிரே போயிடும். அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'கண்ணை மூடிக்கோ, நான் சொன்னப்புறம் திற'ன்னு சொல்வா" என்றாள் அம்மா. பிறகு, "இப்போ அவளுக்கு யார் கையைப் பிடிச்சுக்குவா?" என்று முகத்தைத் திருப்பிக் கொண்டாள்.

அம்மா கை கழுவப் போன சமயத்தில் அண்ணனுக்கு ரகசியமாகப் போன் செய்தேன்.

மத்தியான வண்டி ராஜபாளையம் வரை ஒழுங்காகத்தான் வந்தது. மேற்கே மலை, அதன்மேல் மேகம். அப்புறம் ஒரு சின்ன ஸ்டேஷனில் எதிர் வண்டிக்காக நின்றது, நின்றது, நின்று கொண்டே இருந்தது! மணி 3 ஆயிற்று, 4-ம் ஆயிற்று. அம்மா கடிகாரத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள்.

தென்காசியில் இறங்கும்போது மணி 4.40. சாரல் தூறியது. பிளாட்பாரப் பெஞ்சில், மடியில் ஒரு பையோடு, பெரியம்மா!

"ஏட்டி, இடிஞ்ச கோபுரத்தையே கட்டி முடிச்சிட்டாங்க. நீ வர இவ்வளவு நாளா?" என்றாள்.

அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் காசி விசுவநாதர் கோயிலின் பழைய மொட்டைக் கோபுரம். 1990-ல் அது ஒன்பது நிலைகளோடு மறுபடி எழும்பியதை அவள் பார்த்ததே இல்லை. அன்றும் பார்க்கவில்லை. கண் நிறைய நீர் இருந்தால் கோபுரம் எப்படித் தெரியும்? பேசாமல் காரில் ஏறி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். காரில் இருந்தது ஒரே ஓர் இடம். நான் தென்காசியிலேயே நின்றேன்.

அந்தி மயங்கும் நேரத்தில் அம்மாவின் போன். "கழுதுருட்டிப் பாலத்தைப் பார்த்துட்டோம்டி! ரோட்டிலே வந்தா அந்தச் சுரங்கமே இல்லை!"

பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல்: "இருந்தாலும் கையை விடமாட்டேங்கிறா!"

மறுநாள் காலையில் தனியாகக் குற்றாலம் போனேன். ஐந்தருவியில் பெண்கள் வரிசையில் நின்று, இருவர் பெயரையும் சொல்லி முழுகினேன். முன்பெல்லாம் உடம்பு பூராவும் எண்ணெய் தேய்த்துக் கொண்டு அருவியில் நிற்பார்களாம். இப்போது எண்ணெய், சோப்பு, ஷாம்பூ எல்லாவற்றுக்கும் தடை. அதனாலென்ன? தலையில் தண்ணீர் விழுந்த விழுச்சியில் முதல் நாள் கவலை முழுவதும் இறங்கிப் போயிற்று.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சகோதரிகள் தென்காசிக்குத் திரும்பி, அம்மா கோபுரத்தையும் ஆசை தீரப் பார்த்துவிட்டாள். அவளுடைய சென்னை டிக்கெட்டை இதுவரை இரண்டு தடவை ரத்து செய்திருக்கிறேன்.

பித்தளை அண்டா இன்னும் பரணில்தான் இருக்கிறது. அக்கா தங்கைக்கு என்கிறாள். தங்கை அக்காவுக்கு என்கிறாள். கடைசியில் எனக்கே கொடுப்பதாக முடிவாகியிருக்கிறது. நேயர்களே, ஓர் அண்டாவோடு நடுவழியில் வண்டி மாறி ஏறுவது எப்படி என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள்.