மீனா சொன்ன உண்மை

‘பாபநாசம்’ இன்னும் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

2015இல் வந்த படம். மலையாளத்தில் ‘த்ரிஷ்யம்’ எடுத்த ஜீத்து ஜோசப்பேதான் தமிழிலும் எடுத்தார். 2017இல் சிங்களத்திலும் ‘தர்மயுத்தய’ என்று வந்தது, ஜாக்சன் அந்தனி நடித்து. எங்கள் ஸ்டாஃப் ரூமில் சிங்களம் படிப்பிக்கும் மிஸ் பார்த்தது அதைத்தான். எந்த மொழியில் பார்த்தவரோடு கதைத்தாலும் சிலாகிப்பது ஒரே இடத்தை: பொலிஸ் ஊரெல்லாம் தேடிய உடல், அவர்களுடைய புது ஸ்டேஷனின் நிலத்துக்குக் கீழேயே கிடக்கிறது. நானும் முதல் தடவை கைதட்டியவன்தான்.

போன லீவில் மகளோடு மறுபடி பார்த்தேன். அவளுக்குப் பத்து வயது. (காட்டியிருக்கக் கூடாதோ என்ற யோசனை இன்னும் இருக்கிறது.) படம் முடிந்தது. ஸ்டேஷனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வாப்பா, மீனா சொல்லிட்டாதானே. அவ கெட்ட புள்ளையா?"

மீனா, சுயம்புலிங்கத்தின் இளைய மகள். டிக்கெட், பஸ், ஹோட்டல் என்று வாப்பா எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தும், பெருமாளின் அடிக்கு முன்னால் அந்தப் பிள்ளை தாங்கவில்லை. உடல் புதைத்த இடத்தைக் காட்டிவிடுகிறாள். தோண்டினால் ஒரு மிருகத்தின் உடல்தான் வருகிறது. சுயம்புலிங்கம் எப்போதோ அதை மாற்றிவிட்டார். வீட்டில் எவருக்கும் சொல்லவில்லை. கடைசியில் மனைவி கேட்டும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவைதான் எனக்கு இது உறைத்தது. பிள்ளை ஒருநாள் சொல்லிவிடும் என்று அந்த மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது. சொன்னதற்காக அவள் ஆயுசு முழுக்க அழக்கூடாது என்று இடத்தை மாற்றினாரா? அவளை நம்பாமல் மாற்றினாரா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். வகுப்பில் உண்மை பேசச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆனாலும் அவர் இடத்தில் நின்றால் நானும் மண்வெட்டியை எடுத்திருப்பேன்.

"இல்ல மகள், மீனா உண்மையத்தான் சொன்னா."

"அப்ப அவட வாப்பா ஏன் அதப் பொய்யாக்கினாரு?"

பயம், பாசம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். செத்த பையனின் தாயும் தகப்பனும் வந்து நிற்கும்போது அவர் அழுதாரே, மன்னிப்புக் கேட்டாரே என்றும் சொன்னேன். அது கமலஹாசன் உண்மையிலேயே நன்றாகச் செய்த இடம். நேராக ஒன்றும் சொல்லாமல், மகன் இனி வரமாட்டான் என்பதை மட்டும் விளங்க வைப்பார்.

அவள் கொஞ்ச நேரம் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"ஆனா அந்த உம்மாக்கு கபுறு எங்கன்னு சொல்லலியே வாப்பா."

ஜனாஸாவைக்கூடக் காணாமல் வருசக்கணக்காகக் காத்திருக்கும் தாய்மார் எல்லா இனத்திலும் உள்ள நாடு இது. நாளைக்குக் கதைப்போம் மகள் என்று சொல்லி லைட்டை அணைத்தேன்.