ஆறில் ஒரு தடவை

“இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்கண்ணா, பாஸ் ஆயிடும்” என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. ஓட்டினேன். பாஸ் ஆனது. அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நாங்கள் பராமரிப்பது சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒரு பைத்தான் லைப்ரரி. அதில் ஒரு டெஸ்ட் சில நாள் பச்சை, சில நாள் சிவப்பு. நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது. ஒரே கணக்குக்கு இன்று ஒரு விடை, நாளை ஒரு விடை சொல்லும் வாத்தியாரிடம் யாராவது பிள்ளையை அனுப்புவார்களா?

முதலில் தசம எண்களைத்தான் சந்தேகப்பட்டேன். 0.1, 0.2, 0.3 மூன்றையும் முன்னிருந்து கூட்டினால் கணினியில் 0.6000000000000001 வரும், பின்னிருந்து கூட்டினால் 0.6. ஆனால் எங்கள் டெஸ்டில் தசமமே இல்லை. விடைப் பட்டியலில் ஒரு தீர்வு முழுசாகவே காணாமல் போயிருந்தது.

அந்த ஒரு டெஸ்டை மட்டும் 200 தடவை ஓடவிட்டேன். 34 தடவை தோற்றது. அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய ஆறில் ஒன்று. சமன்பாட்டில் மாறிகள் மூன்று. மூன்று பொருளை வரிசைப்படுத்த ஆறு வழி.

மாறிகளை ஒரு செட்டில் போட்டு, அது எந்த வரிசையில் தருகிறதோ அப்படியே எடுத்துக்கொண்டிருந்தோம். 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதல், எழுத்துச் சரங்களின் ஹாஷ் மதிப்பு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறும்; அதோடு, மாறிப் பெயர்கள் செட்டிலிருந்து வெளிவரும் வரிசையும் மாறும். வேண்டுமென்றே ஒரே ஹாஷ் வரும் சரங்களை அனுப்பி யாரும் சர்வரைத் திணறடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. டிக்‌ஷனரிக்கு 3.7 முதல் வரிசை உத்தரவாதம் உண்டு. செட்டுக்கு இன்றுவரை இல்லை.

அந்த மாற்றத்தைத் தீர்மானிக்கும் ஹாஷ் சீடை ஓர் எண்ணில் நிறுத்தியதும், தோல்வி சொன்னபடி வந்து நின்றது. ஒவ்வொரு வரியாக நடந்தேன். ஒரே ஒரு வரிசையில் மட்டும், ஒரு கட்டத்தில், சமன்பாடு இப்படிச் சுருங்கியது: எக்ஸ் × ஒய் = எக்ஸ் × இசட். எங்கள் நிரல் இருபுறமும் எக்ஸை அடித்துவிட்டு, ஒய் = இசட் என்று போய்விட்டது. எக்ஸ் பூஜ்யமாக இருக்கலாமே! பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையில் சுழிக்கப்படும் பிழை.

மாறிகளை அகரவரிசையில் அடுக்கினால் டெஸ்ட் என்றென்றும் பச்சைதான். “அதைச் செஞ்சு முடிச்சிடலாமே” என்றான் தம்பி. கூடாது என்றேன். பயனர் ஒருவர் தன் மாறிகளுக்கு வேறு பெயர் வைத்தால் போதும், அதே ஆறாவது வரிசை அவர் மேசையில் போய் விழும். அங்கே சிவப்பு விளக்கு எரியாது. தப்பான விடை சரியான விடைபோல உட்கார்ந்திருக்கும்.

அடித்தல் நடக்கும் இடத்தில் பூஜ்யத்துக்குத் தனிக் கிளை வைத்தோம். டெஸ்டை ஆறு வரிசைக்கும் எழுதினோம். வரிசைப்படுத்தலை அதற்குப் பிறகுதான் சேர்த்தோம்.

இப்போது ஒவ்வொரு ஓட்டமும் முதல் வரியில் தன் சீடை அச்சிட்டுவிட்டுத்தான் தொடங்குகிறது. எங்காவது சிவப்பு விழுந்தால் தம்பி ஓடிவந்து முதலில் கேட்பது, “சீடு எவ்வளவுண்ணா?”