கம்பன் ஒளிந்த ஊர்

கிழக்குத் தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில், அந்த வீட்டு வாசலில் காலை ஆறரைக்கு ஆங்கில நாளிதழ் வந்து விழும். ஏழரை வரை அவரிடம் யாரும் பேசக் கூடாது. சட்டமெல்லாம் இல்லை, நாற்பது வருடப் பழக்கம். அது குறுக்கெழுத்துப் புதிருக்கான நேரம்.

வங்கி வேலைக்குப் போன காலத்தில் தாம்பரத்தில் பீச் ரயில் ஏறியதும் பேப்பரை நாலாக மடிப்பார். குரோம்பேட்டைக்குள் முதல் விடை விழ வேண்டும். கிண்டி தாண்டி அடையாற்றுப் பாலம் வரும்போது பாதிக் கட்டம் நிரம்பியிருந்தால் அன்று நல்ல நாள். கோட்டை ஸ்டேஷனில் இறங்கும்போதும் நாலு கட்டம் காலியாக இருந்தால், மத்தியானம் தயிர்சாதம்கூட இறங்காது.

இது அர்த்தம் கேட்கிற சாதாரணப் புதிர் இல்லை. குறிப்பின் தலையிலோ வாலிலோ நேரான அர்த்தம் இருக்கும். மிச்சமெல்லாம் சொல்லை உடைத்து, கலைத்து, ஒன்றுக்குள் ஒன்றை ஒளித்து விடைக்கு வழி காட்டும். ஒரு வார்த்தைகூட சும்மா நிற்கக் கூடாது. நின்றால் ஓரத்தில் பென்சிலால் ‘போங்கு’ என்று எழுதிவிடுவார்.

அவர் கல்லூரி நாட்களில் முதலில் மோதியது ‘தி இந்து’வில் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி அமைத்த புதிர்களோடு. 1958-ல் நம் கடற்படைத் தளபதியான முதல் இந்தியர். பிறந்தது இதோ, செங்கல்பட்டில். கப்பற்படையை நடத்தியவர் ஓய்வுக்குப் பின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களோடு உட்கார்ந்தார் என்பதில் இவருக்கு ஒரு தனிப் பெருமை.

அவர் மனைவி தமிழாசிரியை. கல்யாணமான புதிதில், “அது என்னங்க, எனக்கும் சொல்லுங்களேன்” என்று கேட்டார். “உனக்குப் புரியாது” என்றார் இவர். சொன்னது இவருக்கு மறந்துவிட்டது. அவர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

தமிழில் இந்த வகைப் புதிர் வராது என்றுதான் நினைத்திருந்தார். அமெரிக்காவிலிருந்து வரும் ‘தென்றல்’ இதழில் பார்த்ததும் கை துறுதுறுத்தது. ஆனால் ஆங்கிலத்தில் 26 எழுத்து, எப்படியும் கலைத்துப் போடலாம். தமிழில் ‘தா’ ஒரே கட்டம், பிய்க்க முடியாது. ‘ம்’முக்கும் தனிக் கட்டம் வேண்டும். மூன்று நாள் மண்டையை உடைத்து ஒன்றே ஒன்று செய்தார். காலண்டர் தாளின் பின்னால் எழுதி, அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வந்தார்.

‘தலையும் வாலும் போன கம்பனை மனைவி ஒளித்துவைத்த ஊர் (5).’

பால் பொங்குவதற்குள் அந்த அம்மாவுக்கு விடை வந்துவிட்டது. கம்பனில் முதலும் கடைசியும் போனால் ‘ம்ப’. மனைவி என்றால் தாரம். தாரத்துக்கு நடுவில் ‘ம்ப’வை வைத்தால் தாம்பரம்!

கூடத்துக்கு வந்து அவர் கையிலிருந்த பென்சிலை வாங்கினார். வினாத்தாள் திருத்துகிற அதே கையெழுத்தில் ஓரத்தில் எழுதினார்: ‘வெறும் ஊர் என்றால் எந்த ஊர்? ரயில் புறப்படும் ஊர் என்றாவது சொல்லியிருக்கலாம். பத்துக்கு ஆறு.’

“மனைவிக்குள்ள கம்பன் இருக்கான்னு கண்டுபிடிக்க நாப்பது வருஷம் ஆச்சா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை பேப்பருக்கு மேல் ஒரு துண்டுச்சீட்டு. ‘உப்புமாவைக் கிளறி வந்தால் குதிரை ஓடிய இடம் (3).’

ஏழரை ஆயிற்று. எட்டும் ஆயிற்று. உப்புமாவைத் தின்றிருக்கிறாரே தவிர அவர் கிளறியதில்லை. ஓரத்தில் ‘போ’ வரை எழுதி, நிறுத்திக்கொண்டார்.

“தினம் ரயில்ல தாண்டின ஸ்டேஷன்தாங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “வரலைன்னா இங்க வந்து கரண்டியைப் பிடிங்க.”