வர்ற மெயில் வருது, போற மெயில் போகலை

வெளியூரில் கம்ப்யூட்டர் துறையில் இருக்கிற தமிழனுக்குன்னு ஒரு தலையெழுத்து உண்டு மக்களே. நம்மாளுங்க வீட்டில் பிரிண்டர் ஓடலைன்னாலும் நமக்குத்தான் போன். டிவியில் தமிழ் சேனல் வரலைன்னாலும் நமக்குத்தான். நான் பார்க்கிறது சர்வர் வேலைன்னு சொன்னா யாரும் காதில் போட்டுக்கிறதில்லை. ஆனா போன சனிக்கிழமை வந்த போன் நிஜமாவே என் வேலை சம்பந்தப்பட்டது.

புனே போசரியில் லேத் பட்டறை வெச்சிருக்கிற கோயமுத்தூர் அண்ணன் ஒருத்தர். பன்னிரண்டு பேர் வேலை செய்யறாங்க. சாக்கணில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு அன்னிக்கு சாயங்காலம் 5 மணிக்குள்ள கொட்டேஷன் போய்ச் சேரணும். ஆறு மாச வேலை. அனுப்பின மெயில் அனுப்பின வேகத்தில் திரும்பி வருது.

"தம்பி, வர்ற மெயிலெல்லாம் நல்லா வருதுங்க. போறது மட்டும்தான் திரும்பிக்குது. வெப்சைட் பண்ணிக் குடுத்தவரைக் கேட்டா டிஎன்எஸ் எல்லாம் சரியா இருக்குங்கிறாருங்க."

"உங்க ஜிமெயில்ல இருந்து அனுப்பிடுங்கண்ணா"ன்னேன். முடியாதாம். வெண்டர் லிஸ்டில் பதிஞ்ச முகவரியில் இருந்து வந்தாத்தான் எடுத்துக்குவாங்களாம். இதில் வேடிக்கை, அந்தக் கம்பெனி பர்ச்சேஸ் ஆட்கள் வெச்சிருக்கிறதே ஒரு ஜிமெயில் முகவரிதான்!

"வர்றது வருது, அதனால டிஎன்எஸ் சரி" என்கிற அந்த ஒரு வரி இருக்கே, அதில்தான் பாதிப் பேர் மாட்டிக்கிறாங்க. உள்ளே வர்ற மெயிலுக்கு வழி காட்டுறது எம்எக்ஸ் ரெக்கார்டு. அது வீட்டு வாசல்ல மாட்டின பெயர்ப்பலகை மாதிரி. தபால்காரர் பார்த்துட்டு வந்து போட்டுட்டுப் போவார். நீங்க இன்னொரு சொசைட்டி கேட்டில் போய் நின்னா செக்யூரிட்டி உங்க வீட்டுப் பலகையையா பார்ப்பான்? ஐடி கார்டைக் கேட்பான். வெளியே போற மெயிலுக்கு அந்த ஐடி கார்டுதான் பிடிஆர், எஸ்பிஎஃப், டிகேஐஎம் இதெல்லாம். 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயில் கேட்டில் இந்தச் சோதனை ரொம்பக் கெடுபிடி. ஒரு நாளைக்கு ரெண்டே மெயில் அனுப்புற பட்டறைக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டில் ஒண்ணாவது சரியா இருக்கணும், பிடிஆரும் இருக்கணும்.

திரும்பி வந்த மெயிலை அப்படியே ஃபார்வர்ட் பண்ணச் சொன்னேன். எல்லாரும் "டெலிவரி ஃபெயில்ட்" வரைக்கும் படிச்சுட்டு மூடிடுவாங்க. விஷயம் அதுக்குக் கீழேதான் இருக்கும். 550, பக்கத்திலேயே 5.7.25. அனுப்புற ஐபிக்கு பிடிஆர் இல்லைன்னு அர்த்தம். பெயரைக் கொடுத்தா ஐபி சொல்றது சாதாரண டிஎன்எஸ். பிடிஆர் அதுக்குத் தலைகீழ், ஐபியைக் கொடுத்தா பெயர் சொல்லும். அந்தப் பெயரைத் திருப்பிக் கேட்டா அதே ஐபி வரணும். இது டொமைன் வாங்கின இடத்தில் இருக்காது, ஐபி யாருடையதோ அவங்க கையில் இருக்கும். டொமைன் பேனலில் நாள் பூரா தேடினாலும் கிடைக்காது.

கதை என்னன்னா, வெப்சைட்காரர் ஒரு வாரம் முன்னாடி எல்லாத்தையும் புது விபிஎஸ்-க்கு மாத்தியிருக்கார். புது சர்வருக்கு ஐபிவி4 ஒண்ணு, ஐபிவி6 ஒண்ணு, ரெண்டு முகவரி. ஐபிவி4-க்கு பிடிஆர் இருக்கு. ஐபிவி6 ஒண்ணு இருக்கிறதே அவருக்குத் தெரியலை போல. சர்வர் அந்த வழியா கூகுளிடம் போய் உதை வாங்கிட்டு இருந்திருக்கு. ஆடிட்டருக்கு அனுப்பின மெயில் மட்டும் ஒழுங்கா போனதால் அண்ணனுக்கு இன்னும் குழப்பம். அந்தப் பக்கம் ஐபிவி6 கிடையாது, அவ்வளவுதான்.

பாஸ்வேர்டை வாங்கி உள்ளே போய், போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4-ல மட்டும் அனுப்பச் சொல்லி ரீஸ்டார்ட் பண்ணினேன். 11.45-க்கு அண்ணன் மறுபடி அனுப்பினார். மறுபடி திரும்பி வந்தது. ஆனா இப்போ நம்பர் வேற, 5.7.26. இதைப் பார்த்ததும் எனக்கு சந்தோஷம், அவருக்கு பயம். நம்பர் மாறினா ஒரு கேட்டைத் தாண்டியாச்சுன்னு அர்த்தம். இப்போ கேட்கிறது, இந்த டொமைன் பேரில் அனுப்ப உனக்கு யார் அனுமதி கொடுத்தான்னு.

டிக் போட்டு டிஎக்ஸ்டி ரெக்கார்டைப் பார்த்தா எஸ்பிஎஃப் வரி ரெண்டு இருக்கு. பழைய சர்வர் ஐபியோட ஒண்ணு, புது ஐபியோட ஒண்ணு. பழசை எடுக்காம பக்கத்திலேயே புதுசைச் சேர்த்திருக்கார் மனுஷன். ரெண்டு இருந்தா நல்லதுதானேன்னு தோணும். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒண்ணுதான் இருக்கலாம்; ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது. டிகேஐஎம்மும் போடாததால் சாட்சி சொல்ல வேற ஆளும் இல்லை. டொமைன் பேனல் பாஸ்வேர்டு அண்ணன் பொண்ணுகிட்ட இருந்தது. நான் போனில் சொல்லச் சொல்ல பழைய வரியை அழிச்சுது. அப்போ மணி 12.05.

ஆனா உடனே அனுப்ப முடியாது. ரெக்கார்டில் டிடிஎல் 14400 விநாடி. அதாவது கூகுள் பக்கம் ஒரு தடவை படிச்சதை நாலு மணி நேரம் ஞாபகம் வெச்சுக்கலாம். 11.45-க்கு பழசைப் படிச்சிருந்தா 3.45 வரைக்கும் பழசுதான். இதை யாராலும் முடுக்கிவிட முடியாது.

"நாலு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கணுங்களா தம்பி?"

"ஆமாண்ணா. நடுவுல அனுப்பி அனுப்பிப் பார்க்காதீங்க."

"போன மாசமே ரெண்டு பேருக்கு சம்பளம் பாதிதாங்க குடுத்தேன்" என்றார் மெதுவா. நான் ஒண்ணும் சொல்லலை. கணக்கு சரிதான்னு தெரியும், ஆனாலும் மத்தியானம் சாப்பாடு இறங்கலை.

3.50-க்கு அனுப்பினார். திரும்பி வரலை. பத்து நிமிஷம் பார்த்துட்டு, சாக்கணுக்கே போன் போட்டு வந்துருச்சான்னு ஹிந்தியும் மராத்தியும் கலந்து கேட்டு உறுதி பண்ணிக்கிட்டார். ஆர்டர் கிடைக்குமா கிடைக்காதான்னு இன்னும் தெரியலை, விலை கேட்டு இன்னும் மூணு பேரிடம் வாங்கியிருக்காங்களாம்.

என்னைக் கேட்டா, பத்துப் பதினைஞ்சு பேர் இருக்கிற பட்டறைக்கு சொந்த மெயில் சர்வர் தேவையே இல்லை. காசு கொடுத்து நல்ல மெயில் சர்வீஸ் வாங்கிக்கலாம். அண்ணன் மாசச் செலவைக் கேட்டுட்டு "பார்க்கலாமுங்க" என்றார். அதனால் வர்ற ஞாயிறு போசரி போய் டிகேஐஎம் போட்டுட்டு, அந்த ஐபிவி6-க்கும் பிடிஆர் வாங்கிட்டு வரணும். அண்ணி கொள்ளு ரசம் வைக்கிறதா சொல்லியிருக்காங்க.