வண்டியை யார் ஓட்டுவது?

‘வாழ்க்கைப் பயிற்சியாளர்’ என்றொரு தொழில் இப்போது தஞ்சாவூர் வரைக்கும் வந்துவிட்டது. ‘லைஃப் கோச்’ என்றால் எல்லாருக்கும் புரியும். வாரம் ஒரு மணி நேரம் நம்மோடு உட்காருவார். உன் வாழ்க்கையில் எதை மாற்ற வேண்டும் என்று கேட்பார். அதைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்துக் கொடுப்பார். அடுத்த வாரம் ‘செஞ்சியா?’ என்று கணக்குக் கேட்பார். இதற்குக் கட்டணம் உண்டு. இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கென்று 1995இல் ஒரு சர்வதேச அமைப்பே தொடங்கப்பட்டது.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துச் சேரியில் மாலை வகுப்பு நடத்தும் எனக்கு இதில் என்ன சோலி என்று கேட்கலாம். இருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாகப் பொறியியல் படிக்கப் போன தம்பி ஒருவன், மூன்றாம் வருஷத்தில் ஆறு பேப்பர் அரியரோடு வந்து, “அக்கா, நான் நின்னுடுறேன். திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்” என்றான். அவன் கல்லூரியே அவனை ஒரு பயிற்சியாளரிடம் அனுப்பியிருந்தது. அவர் சொன்னாராம்: “உனக்குத் தாழ்வு மனப்பான்மை. பழசையே நெனைக்காத. தெனமும் கண்ணாடி முன்னாடி நின்னு ‘என்னால் முடியும்’னு பத்து வாட்டி சொல்லு.” பையனும் சொல்லியிருக்கிறான். “என்னடா ஆச்சு?” என்றேன். “கண்ணாடிக்குப் புரிஞ்சிடுச்சுக்கா. எச்.ஓ.டி.க்குத்தான் புரியல” என்றான்.

சிரித்துவிட்டேன். ஆனால் சிரித்து ஒதுக்கிவிடும் சமாச்சாரம் இல்லை இது. கூட இருந்து நம்மை மாற்றிவிட ஓர் ஆள் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே வேண்டும். வருகிறவர் எதை மாற்ற வருகிறார் என்பதுதான் கேள்வி.

‘கோச்’ என்ற சொல்லின் பிறப்பே சுவாரசியமானது. ஹங்கேரியில் கோச் என்றொரு கிராமம். அங்கே செய்த வண்டிக்கு ஊர்ப் பெயரே பெயரானது. நம் பாட்டன்கள் ‘கோச்சு வண்டி’ என்றதும் அதைத்தான். 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தங்களைப் பரீட்சை என்னும் கரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாத்தியாரைக் கேலியாகக் ‘கோச்’ என்றார்கள். பிறகு விளையாட்டுக்குப் போய், இப்போது வாழ்க்கைக்கே வந்து நிற்கிறது. ஆக, பயிற்சியாளர் என்றால் வண்டி. அந்த வண்டியில் நம்மை ஏற்றினார்களா?

1901இல் சிறுவன் அம்பேத்கர் தன் அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் மசூர் ஸ்டேஷனில் இறங்கி, அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போக வண்டி தேடிய கதையை அவரே எழுதி வைத்திருக்கிறார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் வரவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி தருவதாகப் பேசினார்கள். பிள்ளைகளே வண்டியை ஓட்டினார்கள். வண்டிக்காரன் கூடவே நடந்து வந்தான். தீண்டப்படாதவன் இரட்டைக் கூலியும் கொடுத்து, ஓட்டவும் வேண்டும்! நமக்கு வாய்த்த ‘கோச்’ இப்படித்தான். ஆனால் கடிவாளத்தைக் கையில் வாங்கிய அந்தப் பிள்ளை, பிற்பாடு எத்தனை கோடிப் பேரை ஏற்றிக்கொண்டு போனது என்பது வேறு கதை.

எனக்கு வாய்த்த பயிற்சியாளர் கைநாட்டு. என் அப்பாயியின் அண்ணன். மன்னார்குடிப் பக்கம் பண்ணையாளாக இருந்து, கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னிடம் பேப்பரைக் கொடுத்துவிட்டு, தெருவின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொள்வார். “எனக்குக் காது மந்தம் தாயி, சத்தமாப் படி” என்பார். அவர் காதுக்கு ஒரு கோளாறும் கிடையாது. குரலே எழும்பாமல் வளர்ந்த புள்ளைக்குக் குரல் வர வைத்த வித்தை அது. தாலுகா ஆபீசுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கப் போனபோது, “‘சாமி’ன்னு ஆரம்பிக்காத. பேரச் சொல்லு, ஊரச் சொல்லு, என்னா வேணும்னு சொல்லு” என்று மூன்று தரம் சொல்ல வைத்துத்தான் அனுப்பினார். ஞாயித்துக்கிழமை தவறாமல் ஒரு கேள்வி: “இந்த வாரம் யாருகிட்ட தல குனிஞ்ச? எதுக்குக் குனிஞ்ச?” எந்தப் பயிற்சியாளரும் இதைவிடக் கூர்மையாகக் கேட்டுவிட முடியாது.

தாத்தா இதை எங்கே கற்றார்? தென்கன்னடத்தில் பிறந்த பி. சீனிவாசராவ் 1943இல் தஞ்சைக்கு வந்தார். மன்னார்குடிக்குப் பக்கத்துத் தென்பரையில் விவசாயிகள் சங்கம் உருவானது. பிறப்பால் பார்ப்பனர். தாய்மொழி கன்னடம். சேரியிலேயே தங்கி, சேரிச் சோற்றைத் தின்று, துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்ற சனத்திடம் தோளில் போடச் சொன்னார். நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். அடித்தால் வாங்கிக்கொண்டு வராதே என்றார். சொன்னதோடு போயிருந்தால் அதுவும் கண்ணாடி முன்னால் பேசுகிற பேச்சாகத்தான் முடிந்திருக்கும். ஒருத்தன் மட்டும் துண்டைத் தோளில் போட்டால் முதுகுத் தோல் உரியும். தெருவே போட்டால்? 1944இல் மன்னார்குடியில் மிராசுதார்களோடு ஒப்பந்தம் எழுதி, சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று ஒப்புக்கொள்ள வைத்தது அந்தச் சங்கம். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. “பயம் எப்படித் தாத்தா போச்சு?” என்று கேட்டிருக்கிறேன். “எங்க போச்சு? பக்கத்துல ஆளு நின்னாங்க. அதனால பயத்தோடயே நின்னேன்” என்றார்.

சங்கம் கூலியைப் பேசிய அளவுக்குச் சாதியைப் பேசவில்லை என்ற விமர்சனம் நமக்கு உண்டு, இருக்கட்டும். நிமிர்ந்ததற்கு விலையும் கொடுத்திருக்கிறோம். கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். ‘மனதை மாற்று, உலகம் மாறும்’ என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் இந்தக் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்?

அதற்காக, சமூகம் மாறட்டும், அதுவரை நான் இப்படியே இருக்கிறேன் என்று உட்காருவதும் நம் வழி இல்லை. 1927 டிசம்பரில் மகாத்தில் மனுநூலை எரித்த அம்பேத்கர், அதே மாநாட்டில் பெண்களிடம், இன்ன சாதி என்று காட்டிக்கொடுக்கும் சேலைக்கட்டையும் நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் எடுத்த 22 உறுதிமொழிகளில் பொய் சொல்ல மாட்டேன், திருட மாட்டேன், குடிக்க மாட்டேன் என்பவையும் உண்டு. எல்லா மனிதரும் சமம் என்பதும் உண்டு. தன்னை மாற்றுவதும் ஊரை மாற்றுவதும் அவருக்கு ஒரே மூச்சு.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். பயிற்சியாளர் முறையில் நல்லதை நாங்களும் எடுத்துக்கொண்டோம். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டோம். நீ செய்ய வேண்டியது, கல்லூரி செய்ய வேண்டியது, அரசாங்கம் செய்ய வேண்டியது. முதல் பத்தியில் தினம் இரண்டு மணி நேரக் கணக்கு, இங்கிலீஷ், செல்போனை வீட்டில் வைத்துவிட்டு வகுப்புக்கு வருவது. எழுத எழுத, மற்ற இரண்டு பத்தியும்தான் நீண்டன. உதவித்தொகை வரவில்லை என்று ஹால் டிக்கெட்டை நிறுத்தியதில் மட்டும் இரண்டு பரீட்சை போயிருக்கிறது. இதுவா தாழ்வு மனப்பான்மை? குடும்ப வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால் சுயநிதிக் கல்லூரியிலும் நம் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கும் என்பது 2012ஆம் ஆண்டு அரசாணை 92. அவனுக்கு அது தெரியாது. அதே கல்லூரியில் நம் பிள்ளைகள் இன்னும் நாலு பேர். அவர்களுக்கும் தெரியாது. அரசாணை நகலோடு ஐந்து பேருமாகப் போய் மனு கொடுத்தார்கள். ஹால் டிக்கெட் கைக்கு வந்தது. ஆறில் நாலு பேப்பர் முடித்துவிட்டான். இரண்டு பாக்கி. கண்ணாடி முன்னால் நிற்பதை விட்டுவிட்டான். ஐந்து பேரும் சனிக்கிழமை சேர்ந்து படிக்கிறார்கள்.

1956 மார்ச்சில் ஆக்ராவில், படித்த நம்மவர்களே தன்னை ஏமாற்றிவிட்டதாக அம்பேத்கர் வருந்திப் பேசினார். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. படித்து, வேலைக்குப் போய், டவுனில் வீடு கட்டிக் குடியேறிய தோழர்களிடம் நான் கேட்பது நன்கொடை இல்லை. வாரம் ஒரு மணி நேரம், ஒரே ஒரு பிள்ளை. அது என்ன செய்தது என்று கேளுங்கள். அதற்கு என்ன செய்தார்கள் என்றும் கேளுங்கள். முதல் கேள்வியை மட்டும் கேட்கிறவர்கள் ஏராளமாக வந்துவிட்டார்கள். கட்டணமும் வாங்குகிறார்கள். இரண்டாவது கேள்வியை நம்மைவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை.