பூங்காவில் ஒலிக்கும் முரசு

வீரனுக்கு நடுகல்லும் வேந்தனுக்கு மணிமண்டபமும் எழுப்பிய மரபு நம்முடையது. பாடகனுக்கு எதனை எழுப்புவது? உருவத்தைக் கல்லில் வடிக்கலாம். குரலை வடிக்க இயலுமா? இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனீபா அவர்களின் நூற்றாண்டையொட்டி, நாகூர்ச் சில்லடிக் கடற்கரைப் பூங்காவுக்கு அவர்தம் பெயரைச் சூட்டத் தமிழ்நாடு அரசு முடிவு செய்த செய்தியைப் படித்தபோது நம் உள்ளத்தில் எழுந்த வினா இது.

1925 டிசம்பர் 25இல் பிறந்து, 2015 ஏப்ரல் 8இல் மறைந்த அப்பெருமகனாருக்குப் பூங்கா பொருத்தமான நினைவிடமே எனலாம். அவருடைய குரல் நான்கு சுவர்களுக்குள் வளர்ந்ததன்று. திருமணப் பந்தல், மீலாது மேடை, திராவிட இயக்கப் பொதுக்கூட்டத் திடல் என வானத்தைக் கூரையாகக் கொண்ட இடங்களிலேயே அது முழங்கியது. திடலின் கடைசி வரிசைக்கும் அப்பால் நிற்கும் எளியவனின் செவிக்கும் சொல் சிதையாமல் சேர வேண்டும் என்பதே அக்குரலின் இலக்கணம். 'குலேபகாவலி' (1955), 'பாவ மன்னிப்பு' (1961), 'செம்பருத்தி' (1992) ஆகிய திரைப்படங்களிலும் அவர் பாடினார். எனினும் திரையுலகம் அவர் விருந்தினராகச் சென்று வந்த வீடு. திறந்தவெளியே அவர் வாழ்ந்த வீடு.

இடமும் கருதத்தக்கது. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை நாற்பது நாள் தனித்திருந்து வழிபட்ட கரை என்று சில்லடியை மரபு போற்றுகிறது. அம்மோனத்தின் கரையில் ஒரு முழக்கத்தின் பெயரும் இனி நிலைபெறும்.

நம் இளமையில் ரமலான் மாதத்துச் சஹர் வேளையிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் கேட்ட குரல் அது. சொல்லைத் தெளிவுற ஒலிப்பது எப்படி என்பதைப் பள்ளிக்கூடம் கற்பிக்குமுன் அக்குரலே நமக்குக் கற்பித்தது. தமிழ் பயில்வோர் மறக்கலாகாத செய்தி இங்கே ஒன்றுண்டு. அவர் பாடியவை புலவர்களின் பாடல்கள். நாகூர்ப் புலவர் ஆபிதீன், நாகூர் சலீம், 'இறைவனிடம் கையேந்துங்கள்' என்னும் பாடலை இயற்றிய கிளியனூர் அப்துல் சலாம் போன்றோர் ஏடுகளில் எழுதியதை, எழுத்தறியாத தாய்மார்களின் நாவிலும் ஏற்றிவைத்தவர் ஹனீபா. அப்பாடல் சமய எல்லைகளைக் கடந்து ஒலிக்கிறது. ஆயினும் அதனை எழுதியவர் யார் என்று வினவினால் விடை கூறுவோர் எத்தனை பேர்?

ஆதலின் நாம் விழைவது இதுவே. பூங்காவில் பாடகரின் பெயரோடு அப்பாவலர்களின் பெயர்களும் பொறிக்கப்பெற வேண்டும். மாலை வேளைகளில் அவர்தம் பாடல்கள் அங்கே அளவோடு ஒலிக்க வேண்டும். பழைய இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் வீட்டுப் பரண்களில் பூஞ்சை பிடித்து அழியுமுன், தமிழ்த்துறை மாணவர்கள் அவற்றைத் தேடித் தொகுத்துப் பாடலாசிரியர் பெயர்களோடு பட்டியலிட வேண்டும். இது அரசாணைக்குக் காத்திருக்க வேண்டிய பணியன்று. ஒரு குறிப்பேடும் சில விடுமுறை நாட்களும் போதும்.

பெயர்ப்பலகை மட்டும் நிற்குமாயின், இன்னும் இரண்டு தலைமுறையில் அப்பெயர் வெறும் முகவரியாகிவிடும். செடிக்கு நீர் வார்ப்பதைப் போலவே நினைவுக்கும் நாள்தோறும் நீர் வார்த்தாக வேண்டும். முன்னதை நகராட்சி செய்யும். பின்னது நம் கடன்.