என் வண்டியில் எண்ணெய் ஒழுகிய கதை: ஒரு திருத்தம்

 

கடந்த ஜனவரியில் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தேன். "ஆயில் மாற்றக் கொடுத்த வண்டியை ஒழுக ஒழுகத் திருப்பிக் கொடுத்துவிட்டான், யாரும் அங்கே போகாதீர்கள்" என்று. பெயர் போடவில்லை. ஆனால் நம் ஊரில் மெக்கானிக் ஆன என் மாணவன் ஒருவன்தான், யாரைச் சொல்கிறேன் என்று எல்லோருக்கும் புரிந்திருக்கும். நான் எழுதியது தவறு. குழுவில் நேற்றே இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். இரண்டு வரி போதாது என்று தோன்றியதால் இங்கே முழுவதும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி உங்களுக்குத் தெரியும். 2005இல் சார் வாங்கிய வெள்ளை மாருதி 800. அவர் போன பிறகு நான்தான் ஓட்டுகிறேன். விற்றுவிடு என்று சொல்லாத உறவினர் இல்லை. பொங்கலுக்கு முன்னால் ஆயில் மாற்றக் கொடுத்தேன். வந்த நாலாம் நாள் போர்டிகோ சிமெண்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கறுப்பாக ஒரு கறை. அடுத்த வாரம் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆனது.

உடனே நான் முடிவு கட்டிவிட்டேன். ஆயிலைக் கீழே இறக்குகிற டிரெயின் நட்டைச் சரியாக முறுக்கவில்லை, வேறு என்ன? அவனைக் கூப்பிட்டேன். வந்தான். கீழே படுத்துப் பார்த்தான். நட்டைக் கையால் தடவிக் காட்டினான். "நட்டும் வாஷரும் காய்ஞ்சுதான் இருக்கு டீச்சர். வேற எங்கிருந்தோ இறங்கி வருது. ரெண்டு நாள் வண்டியை விடுங்க, கழுவிட்டுத்தான் பார்க்கணும்" என்றான். "உன் கை பட்ட பிறகுதானே ஒழுகுது?" என்று கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பிலும் அவன் அப்படித்தான், பதில் சொல்ல மாட்டான். அன்று ராத்திரியே குழுவில் எழுதினேன்.

பிறகு பக்கத்து ஊரில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். லிப்டில் ஏற்றி இரண்டே நிமிடம் டார்ச் அடித்தார்கள். இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சொட்டுகிறது, அதனால் கிராங்க் ஆயில் சீல் போய்விட்டது என்றார்கள். கியர்பாக்ஸை இறக்கினால்தான் அந்தச் சீலை மாற்ற முடியும். இறக்குவதுதான் இறக்குகிறோம், கிளட்ச் பிளேட்டையும் மாற்றிவிடலாம் என்றார்கள். எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய். கொடுத்தேன். மூன்று வாரம் தரை சுத்தமாக இருந்தது. ஏன் சுத்தமாக இருந்தது என்று பிற்பாடு புரிந்தது: வேலை முடிந்ததும் அடிப்பக்கத்தைத் துடைத்துக் கொடுத்திருந்தார்கள். நாலாவது வாரம் அதே இடத்தில் அதே கறை.

அதற்குப் பிறகும் ஒன்றரை மாதம் நான் அவனிடம் போகவில்லை. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெட்கம்தான். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை அவன் பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். "நீ அன்றைக்கே சொன்னாயே, கழுவிப் பார்க்கணும்னு. இப்ப பாரு தம்பி" என்றேன். "வாங்க டீச்சர்" என்று நாற்காலி எடுத்துப் போட்டான்.

முதலில் ஒரு வெள்ளைக் காகிதத்தில் சொட்டை வாங்கி என்னை மோந்து பார்க்கச் சொன்னான். கியர் ஆயில் என்றால் கந்தக வாடை குமட்டும். இதில் அது இல்லை, இஞ்சின் ஆயில்தான். அதற்கப்புறம் ஆறிய இஞ்சினில், ஒயர் சேரும் இடங்களைப் பிளாஸ்டிக் பையால் கட்டி மூடிவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து மேலிருந்து கீழ் வரை தேய்த்துக் கழுவினான். துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிட்டான். காயாமல் ஸ்டார்ட் பண்ணினால் தீப்பிடிக்கலாம் என்பதால் அதில் அவசரப்படவே இல்லை. பிறகு கடைப் பையனை அனுப்பி, முகத்துக்குப் போடும் பவுடர் ஒரு டப்பா வாங்கி வரச் சொன்னான். எனக்குச் சிரிப்பு. இஞ்சின் முழுக்கப் பவுடர் தூவினான். என் வெள்ளை வண்டியின் இஞ்சினும் வெள்ளையாகிவிட்டது.

இஞ்சினை ஓடவிட்டு, பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியும் டார்ச்சுமாக நின்றான். கீழே பார்க்கவில்லை, மேலே மட்டும் பார்த்தான். "எண்ணெய் கீழேதான் ஓடும் டீச்சர். ஓடுற வண்டின்னா காத்து அதைப் பின்னாடியும் தள்ளும். நனைஞ்சிருக்கிற இடத்துல ரொம்ப மேல எது இருக்கோ, அங்கேதான் தேடணும்." இருபது நிமிடம் போயிருக்கும். "இங்க பாருங்க" என்று கண்ணாடியைத் திருப்பினான். இஞ்சின் தலையில் இருக்கும் டாப் கவரின் பின்மூலையில், பவுடரில் மெல்லியதாக ஒரு பழுப்புக் கோடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு விரல்கடை நீண்டது. அங்கிருந்து பின்பக்கமாகவே வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்துக்கு வந்து சொட்டுகிறது. 9,500 ரூபாய் சீல் சொட்டு விழுந்த இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

டாப் கவர் பேக்கிங் கல்லாகக் காய்ந்து போயிருந்தது. மாற்றிவிட்டால் முடிந்தது என்று நான் எழுந்தேன். "இருங்க டீச்சர்" என்று, கவரிலிருந்து ஏர் ஃபில்டர் பக்கம் போகும் ரப்பர் பைப்பைப் பிடுங்கிக் காட்டினான். உள்ளே கறுப்புப் பிசின். பிசிவி வால்வும் அடைப்பு, ஆட்டினால் கடகட என்று சத்தம் வரவேண்டும், வரவில்லை. பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்குமாம். அது வெளியேறத்தான் இந்த வழி. வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, எந்தப் பேக்கிங் தளர்ந்திருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். புதுப் பேக்கிங் மட்டும் போட்டிருந்தால் அதையும் தள்ளியிருக்கும்.

ஏன் அடைத்தது? "எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?" என்று கேட்டான். கோயில், காய்கறிக் கடை, ரேஷன் கடை. எதுவும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இல்லை. இஞ்சின் நன்றாகச் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறேன். உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் எண்ணெயோடு சேர்ந்து பிசினாகிறது. சார் இருந்தவரை மாதம் ஒருமுறை திருநெல்வேலி, சீசனுக்குக் குற்றாலம். அவருக்குப் பிறகு வண்டி ஊரைத் தாண்டவில்லை.

அப்படியானால் ஆயில் மாற்றிய பிறகு ஏன் ஆரம்பித்தது என்று கேட்டேன். அவன் தயங்கித்தான் சொன்னான். "முன்னாடியே கசிஞ்சிருக்கு டீச்சர். பின்பக்கம் ஒரு இஞ்ச் கனத்துக்கு அழுக்கு அப்பியிருந்துச்சு. அதுதான் எண்ணெயைக் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கு. உங்க வண்டியாச்சேன்னு சர்வீஸ்ல அதைச் சுரண்டிட்டேன்." போன தீபாவளிக்கே வண்டியில் கருகல் வாடை வருகிறது என்று என் தங்கை சொன்னாள். முன்னால் போகும் லாரிப் புகை என்றேன். சூடான சைலன்சர் பைப்பில் எண்ணெய் சொட்டிய வாடை அது. தீப்பிடிக்காமல் தப்பித்தேன்.

பேக்கிங், வால்வு, பைப் மூன்றும் 640 ரூபாய். கவர் போல்ட்டை அளவோடுதான் முறுக்கினான், அதிகம் இறுக்கினால் பேக்கிங் பிதுங்கி மறுபடி ஒழுகுமாம். கூலி வாங்க மறுத்தான். மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு அவன் சொன்ன இன்னொன்று. ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். பச்சை அல்லது ரோஸ் நிறத்தில் வழவழப்பாக இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள், நாய், பூனை நக்கவும் விடாதீர்கள், அது விஷம். சக்கரத்துக்குப் பக்கத்தில் இளமஞ்சளாக எண்ணெய் போல இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், வண்டியை எடுக்காதீர்கள். பெட்ரோல் வாடை என்றால் சாவியையே தொடாதீர்கள். டிப் ஸ்டிக் என்று ஒன்று இருக்கிறது, சமதரையில் நிறுத்தி, இஞ்சின் அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பாருங்கள். நான் பதினைந்து வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

குழுவில் நான் எழுதியதைப் படித்து இரண்டு பேர் அவனிடம் வண்டி கொடுப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். அவன் சொல்லவில்லை, அவர்களில் ஒருவனே நேற்று என்னிடம் சொன்னான். இருவரும் இதைப் படிப்பீர்கள். அவன் பட்டறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பெயரைப் போடட்டுமா என்று அவனிடம் கேட்டேன், வேண்டாம் டீச்சர் என்றான்.

இப்போது வாரம் ஒருமுறை இராஜபாளையம் வரை ஓட்டிவிட்டு வருகிறேன். அட்டை காய்ந்தே இருக்கிறது. நேற்று மட்டும் ஒரு ஈரம் தெரிந்தது. தொட்டேன், மோந்தேன், வெறும் தண்ணீர். இருந்தாலும் மனசு கேட்காமல் அவனுக்குப் போன் பண்ணினேன். "ஏ.சி. போட்டுட்டு வந்தீங்களா டீச்சர்?" என்றான்.